ஐயூஐக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. மதுரைக்குப் பக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். குழந்தைக்காக இரண்டு வருடமாக முயற்சி செய்கிறோம். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் ஐயூஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துகிற சிகிச்சை) செய்யலாம், அதற்கு முன் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வருடம் எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் ஏழாம் மாதத்தில் காய்ச்சல் வந்து ஐசியூ வரை போய்த் திரும்பினார். அதைப் பார்த்ததால் எனக்குப் போட்டுக்கொள்ள விருப்பம்தான். ஆனால் அத்தை, "கரு தங்குற நேரத்துல ஊசி கீசின்னு போகாதே" என்கிறார். கொரோனா ஊசியால்தான் பலருக்குக் குழந்தை தங்குவதில்லை, அமெரிக்காவே நிறுத்திவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வேறு வந்தது. நான் 2021-ல் கோவிஷீல்டு இரண்டு டோஸ் போட்டவள். அதனால்தானா? என் கணவர் பேருந்து நடத்துனர். அவருக்கும் ஏதாவது ஊசி வேண்டுமா? லண்டனில் இருக்கும் என் நாத்தனாருக்கு 29 வாரம். ஆர்எஸ்வி என்று ஒரு ஊசிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், என்னிடம் கேட்கிறாள். ஊசி போட்ட அன்று தலைக்குக் குளிக்கலாமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.
— வாசகி, மதுரை மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ ஊசிக்காக ஐயூஐயைத் தள்ளிப்போட வேண்டாம். ஐயூஐக்காக ஊசியையும் தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. உங்களை ஒரு மாதம் காத்திருக்க வைக்கக்கூடியது அதுதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ருபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா? சின்னம்மை எப்போதாவது வந்திருக்கிறதா?

ருபெல்லாவும் இருமல், தும்மல் வழியாகப் பரவுகிற வைரஸ்தான். பெரியவர்களுக்கு லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல், அதோடு போய்விடும். அதே வைரஸ் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாயைத் தொற்றினால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் கெடுக்கக்கூடும். பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளுக்கு ருபெல்லா காரணமாக இருந்ததைப் பற்றி உங்கள் ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து 1990-களிலேயே ஆய்வுகள் வெளிவந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா ஊசி இயக்கம் நடந்தது 2017 பிப்ரவரியில். 9 மாதக் குழந்தை முதல் 15 வயது வரைக்கும் போட்டார்கள். உங்கள் வகுப்புப் பிள்ளைகளில் பலர் அந்த ஊசியையோ, அதன் பிறகு வழக்கமான அட்டவணைக்குள் வந்த ஊசியையோ போட்டவர்களாக இருப்பார்கள். உங்களுக்கு அப்போது இருபது வயது தாண்டிவிட்டது. நீங்கள் கைக்குழந்தையாக இருந்தபோது அரசு அட்டவணையில் தட்டம்மை ஊசி மட்டும்தான் இருந்தது, ருபெல்லா இல்லை. ஆக, தனியாரிடம் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி) போட்டிருந்தாலோ, சிறு வயதில் நோயே வந்து போயிருந்தாலோ தவிர உங்களுக்குப் பாதுகாப்பு இல்லாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதுவும் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கிற வேலை.

எம்எம்ஆர், சின்னம்மை ஊசி இரண்டும் உயிருள்ள, ஆனால் பலவீனப்படுத்தப்பட்ட வைரஸால் ஆனவை. அதனால் கர்ப்பத்தில் போடுவதில்லை. போட்டபின் ஒரு மாதம் கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வோம். ரத்தப் பரிசோதனையில் ருபெல்லா ஐஜிஜி நெகட்டிவ், அதாவது எதிர்ப்பு இல்லை, என்று வந்தால், ஐயூஐயை ஒரு மாதம் தள்ளிவைத்து எம்எம்ஆர் போட்டுக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. 31 வயதில் ஒரு மாதம் பெரிய நஷ்டமில்லை. கருமுட்டை இருப்பு ரொம்பக் குறைந்திருக்கிறது, வயது நாற்பதை நெருங்குகிறது என்றால் கணக்கு வேறு. அதை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். சின்னம்மை விஷயத்தை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். "ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது அம்மை போட்டுச்சே, வேப்பிலை கட்டினோமே" என்றால் அந்தக் கவலையை அத்தோடு விட்டுவிடலாம். நினைவில்லை என்றால் அதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. (தெரியாமல் எம்எம்ஆர் போட்ட பிறகு கரு தங்கியிருப்பது தெரியவந்தால் பயந்து கலைக்க ஓட வேண்டாம். அப்படிப் போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ருபெல்லா ஊனம் வந்ததாக எங்கும் பதிவாகவில்லை.)

இனி ஃப்ளூ. கையில் போடுகிற ஃப்ளூ ஊசி கொல்லப்பட்ட வைரஸின் துண்டுகளால் ஆனது. அது உடம்புக்குள் பெருகாது, கருவைத் தொற்றாது. மூக்கில் விடுகிற ஃப்ளூ மருந்து ஒன்றும் இருக்கிறது. அது உயிருள்ள வகை, உங்களுக்கு அது வேண்டாம். "ஊசிதானே, மூக்கு மருந்து இல்லையே" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பள்ளி டீச்சருக்கு நடந்தது அபூர்வம் அல்ல. கர்ப்பத்தில் வயிறு மேலே ஏற ஏற உதரவிதானம் உயர்ந்து, நுரையீரலில் கையிருப்பாக நிற்கும் காற்று குறைகிறது. ஆனால் ஆக்சிஜன் தேவையோ வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. இதயத்துக்கு ஏற்கெனவே வேலை அதிகம். மற்றவர்களுக்கு நாலு நாள் படுத்து எழுந்தால் போய்விடுகிற நிமோனியாவை இந்த உடம்பால் தாங்க முடிவதில்லை. 2009 பன்றிக் காய்ச்சலின்போது அமெரிக்க மக்கள்தொகையில் நூற்றில் ஒருவர்தான் கர்ப்பிணி. ஆனால் அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கர்ப்பிணிகள். இந்த மாதிரி அனுபவங்களுக்குப் பிறகுதான் 2012-ல் உலக சுகாதார நிறுவனம், ஃப்ளூ ஊசியில் முதல் முன்னுரிமை கர்ப்பிணிகளுக்கு என்று அறிவித்தது. எந்த மாதத்திலும் போடலாம் என்பது அதன் நிலைப்பாடு. நம் ஊரில் பல டாக்டர்கள் மூன்று மாதம் கழியட்டும் என்று பொறுப்பார்கள். ஊசியால் ஆபத்து என்பதைவிட, முதல் மூன்று மாதத்தில் எது நடந்தாலும் பழி ஊசி மேல் விழும் என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். நீங்கள் முன்கூட்டியே போட்டுக்கொண்டால் அந்தச் சங்கடமே இல்லை.

கருச்சிதைவு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள். 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் ஃப்ளூ ஊசி போட்ட பெண்களிடம் கருச்சிதைவு சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது என்றது. அது சிறிய எண்ணிக்கையை வைத்துச் செய்தது. அதே குழு இன்னும் பெரிய அளவில், அடுத்து வந்த ஃப்ளூ பருவங்களை எடுத்து மறுபடி ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு காணாமல் போய்விட்டது. முதல் ஆய்வைப் பரப்புகிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை.

எப்போது போடுவது என்று கேட்டால், மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாள் ஸ்கேனுக்குப் போவீர்கள் இல்லையா, அன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள். ஊசி வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஐயூஐ நேரத்தை ஒட்டித் தயாராகிவிடும். ஐயூஐ முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பதினைந்து நாளில் போட்டாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மனசுக்கு நல்லதில்லை. ஐயூஐ ஒரு சுழற்சியில் பலிப்பது நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான். பலிக்காத மாதத்தில் வீட்டில் ஒரு காரணம் தேடுவார்கள். அந்தக் காரணமாக ஊசி ஆக வேண்டாம்.

நம் பக்கம் ஃப்ளூவுக்கு ஒரு தனிக் காலண்டர் இருக்கிறது. வட இந்தியாவிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையோடு ஜூலை–செப்டம்பரில் உச்சத்துக்குப் போகும். சென்னையிலும் வேலூரிலும் கண்காணித்தபோது அக்டோபர்–நவம்பரில், நம் வடகிழக்கு மழையோடுதான் உச்சம் தெரிந்தது. ஆகவே ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கையில் ஊசி ஏறியிருக்க வேண்டும். மருந்துக் கடையிலோ கிளினிக்கிலோ சிஸ்டர் ஃப்ரிட்ஜிலிருந்து பெட்டியை எடுத்ததும் வாங்கிப் பாருங்கள். எந்த ஆண்டுக்கானது என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் வட அரைக்கோளத்துக்கு என்.எச். என்றோ தென் அரைக்கோளத்துக்கு எஸ்.எச். என்றோ இருக்கும். வைரஸ் மாறுவதால் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடக்குக்கும் செப்டம்பரில் தெற்குக்கும் புதுப் பட்டியல் கொடுக்கிறது, அதன்படி மருந்து வருகிறது. இதில் எது உசத்தி என்று ஆராய்ந்து நாளைக் கடத்த வேண்டாம். காலாவதி ஆகாத, இருப்பதிலேயே புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு வகை வைரஸுக்கானதா, மூன்றா என்றும் சிலர் குழம்புகிறார்கள். ஃப்ளூ வைரஸின் பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால் அதை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். மூன்று போதும். தனியாரில் பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி ஆகும்.

கர்ப்பத்துக்கு முன் போட்டுவிட்டால் அப்புறம் வேண்டாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஊசியின் பலம் மாதங்கள் போகப் போகக் குறையும். இப்போது போட்டு, அடுத்த ஆண்டுப் புது மருந்து வரும்போது நீங்கள் கர்ப்பமாக இருந்தால் மறுபடி ஒன்று போடலாம். அது குழந்தைக்காகவும்தான். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகிற எதிர்ப்புப் பொருள்தான் அதற்கு ஒரே கவசம். வங்கதேசத்தில் 340 தாய்மார்களை வைத்துச் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தில் ஃப்ளூ ஊசி போட்டவர்களின் குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது.

அத்தையிடம் பேச இதுவே நல்ல இடம். உங்கள் கணவரைச் சுமந்தபோது அவரும் டிடி ஊசி போட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். அது ஏன் என்று அப்போது யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி வழியாக வருகிற ரணஜன்னியைத் (டெட்டனஸ்) தடுக்கத்தான் தாய்க்கு அந்த ஊசி. தாய் கையில் போட்டது குழந்தையைக் காப்பாற்றியது. கர்ப்பிணிகளுக்கு அதை விடாமல் போட்டதும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்துதான் 2015-ல் இந்தியா அந்த நோயை ஒழித்ததாக அறிவிக்க முடிந்தது. ஃப்ளூ ஊசியும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. அவர் பயம் உங்கள் மேல் உள்ள அக்கறையில் வருவது. வாதாடாதீர்கள், முடிந்தால் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது வெள்ளைக் கோட்டு சொன்னால் ஏறுவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கோவிஷீல்டால்தான் குழந்தை தங்கவில்லையா? இல்லை. இந்தப் புரளி 2020 டிசம்பரில் ஐரோப்பாவில் கிளம்பியது. வைரஸின் ஸ்பைக் புரதமும் நஞ்சுக்கொடி உருவாக உதவுகிற ஒரு புரதமும் ஒன்றுபோல இருக்கின்றன, ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மற்றதையும் தாக்கும் என்றார்கள். இரண்டுக்கும் அப்படிச் சொல்லிக்கொள்கிற ஒற்றுமை கிடையாது. உண்மையில் அப்படித் தாக்குமானால் கொரோனா வந்துபோன பெண்களுக்கும் கரு தங்கக் கூடாது. அவர்களும் பிள்ளை பெற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். உங்கள் கோவிஷீல்டு மருந்தின் வெளிநாட்டுப் பரிசோதனைகளில் பங்கேற்ற பெண்களில் இடையே கருவுற்றவர்களைக் கணக்கெடுத்து 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கருவுற்றிருந்தார்கள். கொரோனா ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போனது, அடுத்த ஓரிரு மாதத்தில் சரியானது. இது மட்டும் நிஜம். இரண்டு வருடமாகத் தங்காததற்குக் காரணத்தை உங்கள் தைராய்டு அளவிலும் கருக்குழாயிலும் கணவரின் விந்துப் பரிசோதனையிலும்தான் தேட வேண்டும்.

"அமெரிக்காவே நிறுத்திவிட்டது" என்பதில் பாதி உண்மை. 2025 மே மாதம் அந்நாட்டுச் சுகாதாரச் செயலர், ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு கொரோனா ஊசிப் பரிந்துரையை நீக்குவதாக அறிவித்தார். அங்குள்ள மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு அதை ஏற்கவில்லை. போடலாம் என்றே இன்றும் சொல்கிறது. பிரிட்டனிலும் வழக்கமான பட்டியலிலிருந்து கர்ப்பிணிகளை எடுத்திருக்கிறார்கள். காரணம், மக்களிடம் எதிர்ப்பு பரவலாகிவிட்டது, இப்போதைய தேவையும் செலவும் ஒத்துவரவில்லை என்பதுதான். குழந்தை தங்காது என்று எவரும் சொல்லவில்லை. நம் நாட்டில் 2021 ஜூலை 2-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு கொரோனா ஊசி போட அனுமதி வந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில், இரண்டாம் அலையில், நிறைமாத வயிற்றோடு ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருந்த பெண்களை என் தொழிலில் இருக்கும் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த அனுமதி முன்னாலேயே வந்திருக்கலாம் என்பது என் கருத்து. இன்றைய நிலை அதுவல்ல. இரண்டு டோஸ் போட்டு, இடையில் தொற்றும் வந்து போயிருக்கக்கூடிய 31 வயதுப் பெண் இப்போது கொரோனா ஊசியைத் தேடி அலைய வேண்டியதில்லை. சர்க்கரை நோய், இதய நோய், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

உங்கள் கணவர் விஷயத்தைக் கேட்டது நல்லது; பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நாள் முழுக்க நெரிசலில் நிற்கிறார், வீட்டுக்கு ஃப்ளூவைக் கொண்டுவர அவரைவிடத் தோதான ஆள் இல்லை. தவிர, விந்தணு உருவாக ஏறத்தாழ 70 நாளுக்கு மேல் ஆகும். இடையில் ஒரு கடுங்காய்ச்சல் வந்தால் எண்ணிக்கையும் அசைவும் இறங்கி, நிமிர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைக்கு முயன்ற தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, கொரோனா ஊசியால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் கணவருக்குக் கொரோனா வந்த அடுத்த இரண்டு மாதத்தில் கருவுறும் வாய்ப்பு குறைந்திருந்தது. இருவரும் ஒரே நாளில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நாத்தனாருக்கு: ஆர்எஸ்வி என்பது கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பும் சளிக்கட்டும் கொண்டுவருகிற வைரஸ். பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷம், இரண்டு மாதக் குழந்தைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை. இங்கிலாந்தில் 2024 செப்டம்பர் முதல் 28 வாரம் ஆனவர்களுக்கு இந்த ஊசி போடுகிறார்கள். பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்கும் முன்னால் போட்டுக்கொண்ட தாய்மார்களின் குழந்தைகள் ஆர்எஸ்வியால் ஆஸ்பத்திரியில் சேர்வது 72 சதவீதம் குறைந்ததாக 2025-ல் அங்கிருந்து ஆய்வு வந்திருக்கிறது. குறைப்பிரசவம் பற்றி அவள் படித்திருக்கலாம். வேறொரு நிறுவனத்தின் ஆர்எஸ்வி ஊசியைக் கர்ப்பிணிகளிடம் பரிசோதித்தபோது குறைப்பிரசவம் கூடியதால் 2022-ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது ஃபைசரின் ஊசி. அதன் பரிசோதனையில் போட்டவர்களிடம் 5.7 சதவீதம், போடாதவர்களிடம் 4.7 சதவீதம் என்ற சிறு வித்தியாசம் இருந்தது. தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான் அது. இருந்தாலும் அமெரிக்கா எச்சரிக்கையாக 32 முதல் 36 வாரத்துக்குள் என்று வைத்துக்கொண்டது. முன்பு குறைப்பிரசவம் ஆனதுண்டு, அல்லது இப்போது அதற்கான அறிகுறி இருக்கிறது என்றால் அவள் மிட்வைஃபிடம் சொல்லி எந்த வாரத்தில் போடுவது என்று பேசட்டும். ஒன்றும் இல்லை என்றால் கூப்பிட்டபோதே போய்ப் போட்டுக்கொள்ளட்டும். என் தங்கையாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். நம் அரசு அட்டவணையில் இந்த ஊசி இல்லை. உங்களுக்கு ஏழாம் மாதம் வரும்போது டாக்டரிடம் கேளுங்கள். கூடவே கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசியையும் கேளுங்கள்.

ஊசி போட்டும் காய்ச்சல் வரலாம். நோயை அது முழுதாகத் தடுப்பதில்லை, ஐசியூவுக்குப் போகிற அளவுக்கு முற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் பெரிய பலன். கரு தங்கிய பிறகு காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு மூன்று நாள் பார்க்காதீர்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை கர்ப்பத்தில் கொடுக்கலாம், ஆனால் முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 95-க்குக் கீழே காட்டினாலோ 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக, தலைக்குக் குளிக்கலாம். கறியும் சாப்பிடலாம், பள்ளிக்கும் போகலாம். கை ஒரு நாள் வலிக்கும், கரும்பலகையில் எழுதுகிற கையை விட்டுவிட்டு மற்றக் கையில் போடச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையை அன்றும் வழக்கம்போல வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளுங்கள், ஃபோலிக் அமிலத்தை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் இன்றே ஆரம்பியுங்கள். ருபெல்லா ரிசல்ட் வந்ததும் அதை எடுத்துக்கொண்டுபோய் ஐயூஐ தேதியை முடிவு செய்யுங்கள்.